வாசலைப் பார்க்கும் கேமராவும் வீட்டு இணையமும்

வீட்டில் மாட்டும் வைஃபை கேமராவுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் தரவு வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டும். கேமராவுக்கோ ஓட்டம் எதிர்த்திசையில். வாசலில் நடப்பதை அது படம்பிடித்து, சுருக்கி, ரவுட்டர் வழியாக வெளியே அனுப்புகிறது. இணைய நிறுவனத்தின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் 100 எம்பிபிஎஸ் என்ற எண் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தைத்தான் சொல்லும். ஆகவே கேமரா வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, மேலே அனுப்பும் வேகம் எவ்வளவு என்பதை. அடுத்தது, ரவுட்டர் இருக்கும் இடத்துக்கும் கேமரா மாட்டும் இடத்துக்கும் நடுவே எத்தனை சுவர் என்பதை. பெரும்பாலான வீடுகள் இடறுவது இந்த இரண்டாவதில்.

ஜோலார்பேட்டையில் இந்தக் கருவிக்குத் தேவை வந்ததற்கு ஊரின் பிழைப்பே காரணம். பெங்களூரு கண்டோன்மென்ட் பாதை 1864இல் திறந்ததிலிருந்து இது ரயிலை ஒட்டி வளர்ந்த ஊர். சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் இங்கே பாதை பிரிகிறது. விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலையிலேயே கிளம்பும் பெண்கள் இருக்கிறார்கள். லோகோ பைலட், கார்டு வேலையில் இருப்பவர்களுக்கு இரவு பகல் என்ற கணக்கே கிடையாது. பகலில் வீடு பூட்டிக் கிடக்கும். இல்லாவிட்டால் வயதான அம்மா அப்பா மட்டும் இருப்பார்கள். ரயிலில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வது இவர்களுக்குப் பெரிய நிம்மதி.

இப்படிப்பட்ட கருவி பிறந்ததும் இதே போன்ற ஒரு வீட்டில்தான். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வசித்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுனுக்கும், எலக்ட்ரானிக்ஸ் தொழில்நுட்பரான அவருடைய கணவர் ஆல்பர்ட் பிரவுனுக்கும் வேலை நேரம் ஒத்துப்போகவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் நேரங்களில், வாசலில் நிற்பவர் யார் என்பதைப் படுக்கையறையிலிருந்தே பார்க்க மேரி விரும்பினார். கதவில் மேலும் கீழுமாகச் சில துளைகள், அவற்றுக்குப் பின்னால் நகரும் கேமரா, அறையில் ஒரு திரை என இருவரும் சேர்ந்து 1966இல் வடிவமைத்து விண்ணப்பித்த அமைப்புக்கு 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. இன்று திரை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நடுவில் இணையம் சேர்ந்துகொண்டது.

அந்த இணையத்தின் மீது விழும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1080பி தெளிவுள்ள ஒரு கேமரா, 2003இல் வந்த எச்.264 முறையில் சுருக்கினால் வினாடிக்குச் சுமார் 2 முதல் 4 மெகாபிட் அனுப்பும். 2013இல் வந்த எச்.265 முறை ஏறத்தாழ அதில் பாதியில் அதே தரத்தைத் தரும். கடையில் பெட்டியைப் புரட்டி, எச்.265 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதுவே காரணம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 1 எம்பிபிஎஸ் இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளில் 10.8 ஜிபி. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை மனக்கணக்காகவே போடலாம். 2 எம்பிபிஎஸ் கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபி, 30 நாளில் 648 ஜிபி. வாசல், பின்புறம், மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் என நான்கு கேமரா இருந்தால் மாதத்துக்கு 2,592 ஜிபி.

பல ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பு 3,300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். 5ஜி வழியாக வீட்டுக்கு வரும் ஏர்ஃபைபர் திட்டங்களில் வரம்பு பெரும்பாலும் 1,000 ஜிபிதான். அங்கே ஒரே கேமரா மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். கைப்பேசிக்குப் போடும் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜை நம்பி, அதே 2 எம்பிபிஎஸ் கேமராவை ஓட்டினால் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் அன்றைய பங்கு தீர்ந்துபோகும். மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் சிம் போட்டு மாட்டும் 4ஜி கேமராக்களை இடைவிடாத பதிவுக்கு வைக்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இதைக் கண்டு மலைத்துப்போக வேண்டியதில்லை. வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை இருபத்து நான்கு மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் மெமரி கார்டில் பதிந்துகொண்டு, அசைவு தெரிந்தால் மட்டும் சிறு துண்டுக் காட்சியை வெளியே அனுப்பும். கைப்பேசியில் யாராவது திறந்து பார்க்கும்போது நேரலையைக் கொடுக்கும். 20 வினாடித் துண்டு ஒன்று 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 5 எம்பி. ஒரு நாளில் நூறு தடவை அசைவு தெரிந்தாலும் அரை ஜிபி. பேட்டரியில் ஓடும் கேமராக்கள் உடல் வெப்பத்தை உணர்ந்து விழித்துக்கொள்ளும் வகை. அவற்றுக்கு இன்னும் குறைவு போதும். எனவே மாத வரம்பைவிட அந்தந்த நேரத்து வேகம்தான் பார்க்க வேண்டியது. நான்கு கேமராவையும் ஒரே திரையில் திறக்கிற அந்த நிமிடத்தில் 8 எம்பிபிஎஸ் மேலே போக வழி வேண்டும். இரவில் வெளிச்சம் குறைந்து படத்தில் புள்ளிகள் கூடும்போதும், மழை பெய்யும்போதும், வேப்பங்கிளை ஆடும்போதும் சுருக்கம் சரியாகப் பிடிபடாமல் அளவு ஏறும். ஆகவே கணக்கில் வரும் தேவைக்கு இரண்டு மடங்கு பதிவேற்ற வேகம் இருப்பது நல்லது.

ஊரில் கிடைக்கும் இணைப்புகள் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் கீழே 24 எம்பிபிஎஸ் வரை கொடுக்கும். மேலே சுமார் 1 எம்பிபிஎஸ்தான். அதில் ஒரு கேமராவே வழியை அடைத்துவிடும். மேல்வழி அடைபட்டால் கீழ்வழியும் தடுமாறும். வந்து சேர்ந்த தரவுக்கு ஒப்புகை அனுப்பியாக வேண்டும், அந்த ஒப்புகையும் அதே மேல்வழியில்தான் போக வேண்டும் என்பதே காரணம். கேமரா ஓடும்போது மட்டும் வீட்டில் நெட் இழுக்கிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். ஃபைபரில் இந்த நெருக்கடி குறைவு. வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரே இழை கீழே சுமார் 2.5 கிகாபிட், மேலே சுமார் 1.25 கிகாபிட் சுமந்து, 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பில் மேல்வேகம் கீழ்வேகத்துக்குச் சமமாக இருக்கிறதா, பாதியா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அகலக்கற்றை என்று சொல்லிக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச வேகம் 2013இல் 512 கேபிபிஎஸ் என்று இருந்து, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது. இரண்டும் பதிவிறக்கத்துக்கான எண்கள். பதிவேற்றத்துக்கு அந்த வரையறை எதையும் சொல்லவில்லை. கேமரா வைத்திருக்கும் வீடுகளுக்கு இது ஒரு பெரிய குறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் மாலை ஏழிலிருந்து பத்துக்குள், ஊரே நெட்டில் இருக்கும் நேரத்தில், ஒரு வாரம் பார்த்து வரும் மிகக் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேகம் போதுமான வீட்டிலும் கேமரா அடிக்கடி ஆஃப்லைன் என்று காட்டினால் குற்றம் பெரும்பாலும் இணைய நிறுவனத்துடையதாக இருக்காது. ரவுட்டர் வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஃபைபர் இழை எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ அதன் பக்கத்தில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் மேலேயோ அதை வைத்துவிட்டுப் போவது வழக்கம். கேமராவோ அதற்கு நேர் எதிர்மூலையில், இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கும் ஒரு கான்கிரீட் தளத்துக்கும் அப்பால் மாட்டப்படுகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி வலை இருக்கிறது. அது வானலையைத் தடுக்கும். மொட்டை மாடியில் நிரம்பியிருக்கும் தண்ணீர்த் தொட்டி அதை உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதைவிட நெருக்கமான கம்பிச் சட்டமுள்ள கிரில் கேட்டில் கணிசமான பங்கு திரும்பிவிடும். தகர ஷீட் போட்ட போர்ட்டிகோவில் நிலைமை இன்னும் மோசம். சுவரில் துளை போடுவதற்கு முன்னால், கேமரா மாட்டும் அதே உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து, வைஃபையில் வேகத்தை அளந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இரவில் எப்படி இருக்குமோ அப்படியே கதவையும் கிரில்லையும் சாத்திவிட்டு அளக்க வேண்டும். சிக்னல் அளவு காட்டும் செயலியில் மைனஸ் 65 டிபிஎம் அளவில் இருந்தால் திருப்தி. மைனஸ் 75ஐத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம், அல்லது ரவுட்டரை நகர்த்த வேண்டும். பீரோவின் மேலிருந்து எடுத்து நடு அறைச் சுவரில் ஆள் உயரத்தில் மாட்டினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005இலேயே உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி பெற்றது. 5 கிகாஹெர்ட்ஸ் 2018இல் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறைவு. 2.4 தூரம் போகும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. புதிய ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால், கைப்பேசி 5இல் இருக்க, கேமரா 2.4ஐத் தேட, முதல் நாள் இணைப்பு திரும்பத் திரும்பத் தோற்கும். ரவுட்டர் அமைப்பில் 2.4க்கு வேறு பெயர் கொடுத்து, கைப்பேசியையும் அதில் சேர்த்துவிட்டு இணைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் பின்னர் மாற்றினால் ஒவ்வொரு கேமராவையும் மீண்டும் இணைக்க வேண்டிவரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் எல்லா ரவுட்டரும் ஒரே சேனலில் மோதிக்கொள்ளும். 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று பார்த்து, காலியாக இருப்பதைத் தேர்ந்துகொள்ளலாம். சிக்னல் எட்டாத இடத்துக்கு ரிப்பீட்டர் வாங்குபவர்கள், ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் வகை வேகத்தைப் பாதியாக்கும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பி இழுத்தால், கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தடையின்றிக் கொண்டுபோகும். பிஓஇ வசதி இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் போகும். கம்பியில்லாக் கேமரா என்ற பெயர் கேட்டு மயங்கத் தேவையில்லை. வீடு கட்டும்போதோ வெள்ளையடிக்கும்போதோ கம்பி இழுக்க முடிந்தால், வாசல் கேமரா ஒன்றுக்காவது இழுத்துவிடுவது மேல்.

காட்சியை எங்கே சேமிப்பது என்பது அடுத்த முடிவு. 128 ஜிபி கார்டில் 2 எம்பிபிஎஸ் இடைவிடாத பதிவு ஏறத்தாழ ஆறு நாள் நிற்கும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். ஓயாமல் எழுதினால் சாதாரண கார்டுகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். கண்காணிப்புக்கென்றே விற்கும் நீண்ட உழைப்புள்ள கார்டு கொஞ்சம் விலை கூடினாலும் அதைத்தான் வாங்க வேண்டும். கார்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். எல்லாக் கேமராவின் காட்சியையும் வட்டில் பதியும் என்விஆர் பெட்டியை வீட்டுக்குள்ளே வைத்தால் இது நடக்காது. 1 டிபி வட்டில் நான்கு கேமராவின் பதினொரு நாள் காட்சி அடங்கும். கேமராவிலிருந்து பெட்டிக்குப் போகும் இந்த ஓட்டம் முழுவதும் வீட்டு வைஃபைக்குள்ளேயே முடிவதால், இணையம் அறுந்தாலும் பதிவு நிற்காது. வெளியூரிலிருந்து பார்ப்பதற்கும் எச்சரிக்கை வருவதற்கும் மட்டுமே இணையம் வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குத் தனிப் பொது முகவரி கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். அதனால் பழைய முறைப்படி ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டுப் பார்க்க முடிவதில்லை. கேமரா தானே தன் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, அதன் உதவியால் கைப்பேசியோடு சேர்ந்துகொள்ளும் முறைதான் இன்று எங்கும் இருக்கிறது. வசதிதான். ஆனால் அந்த சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, நிறுவனம் எத்தனை ஆண்டு அதை நடத்தும் என்பதையெல்லாம் கேமரா வாங்கும்போதே சேர்த்து வாங்குவதாக ஆகிறது. பேர் தெரியாத மலிவுக் கேமராவில் இந்த ஆபத்து அதிகம்.

ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதை 2016 காட்டியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடிப் பிடித்த மிராய் என்ற தீநிரல், அவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் முகவரிச் சேவை மீது ஏவியது. அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அதன் கையில் இருந்தது அறுபதுக்கு மேற்பட்ட வழக்கமான பெயர், கடவுச்சொல் இணைகளின் பட்டியல், ‘அட்மின்’ போன்றவை. கேமரா மாட்டும் பையன் வசதிக்காக எல்லா வீட்டிலும் ஒரே கடவுச்சொல் வைத்துவிட்டுப் போனால் நிலைமை அதுவேதான். அவர் கிளம்பிய அன்றே கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, கணக்கு வீட்டுக்காரரின் எண்ணில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் கேமராக்களை அதில் சேர்த்து, வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியைத் தனியே வைப்பது நல்ல ஏற்பாடு. இந்திய அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் வந்த பழைய சரக்கு தள்ளுபடியில் வந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

மின்சாரம் போனால் ரவுட்டர், ஃபைபர் பெட்டி, கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணை மூடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின் வாரியம் பகலில் சில மணி நேரம் நிறுத்தும்போதுதான் வீட்டில் ஆளில்லை. பல வீடுகளில் மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் வெளிச்சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. திருடன் அந்தச் சுவிட்சை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. இன்வெர்ட்டர் இணைப்பில் கேமரா அடாப்டரும் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் போதும், ரவுட்டரைச் சில மணி நேரம் தாங்கும். வோல்ட் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். ஜிபான் இழையில் தெருவில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. கம்பத்துப் பெட்டியிலிருந்து லேன் கேபிளில் வரும் இணைப்பென்றால் தெரு மின்சாரம் போகும்போது அந்தப் பெட்டியும் அணைந்துவிடும். வீட்டில் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை.

மாட்டும் இடத்தில் ஊருக்கே உரிய சில சங்கடங்கள் உண்டு. தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களில் இரவு முழுக்க வண்டிகள் போகும். என்ஜின் விளக்கு சுவரில் வீசிச் செல்லும் ஒவ்வொரு முறையும் கேமரா அசைவு என்று நினைத்து எச்சரிக்கை அனுப்பும். நாலு நாளில் சலித்துப்போய் வீட்டுக்காரர் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார். படத்தில் கேட்டும் வாசற்படியும் வரும் பகுதியை மட்டும் குறித்துவிட்டு, மனித உருவத்துக்கு மட்டும் எச்சரிக்கை என்று வைத்தால் இந்தத் தொல்லை தணியும். கோடையில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான கேமராக்களின் உச்ச வரம்பு 50 டிகிரி. மேற்குச் சுவரில் வெயில் நேராக அறையும் இடத்தில் அந்த வரம்பை வெப்பம் எளிதில் கடந்துவிடும். ஒரு சிறு நிழல்தடுப்பு போதும். தோல் பதனிடும் இடங்களுக்கு அருகே காற்றில் கலக்கும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்கச் செய்யும். அங்கே வெளியில் தொங்கும் கேபிள் முனைகளை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கேமரா எதைப் பார்க்கக் கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டில் அடங்கும். குறுகிய தெருவில் எதிர்வீட்டு வாசலும் குழாயடியும் படத்தில் விழும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் மற்றவர்களின் சம்மதமின்றி உள்ளே கேமரா வைப்பது அந்த உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. பங்காளிகள் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எதிர்வீட்டுப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அவர் வாசல் தெரியவில்லை என்று கைப்பேசியில் காட்டிவிட்டால் பின்னால் வரும் மனவருத்தம் தவிரும்.

கடைசியாகக் கடிகாரம். கேமரா நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்துகொள்கிறது, ஆனால் எந்த நாட்டு நேரம் என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். சீன நேரத்தில் விட்டிருந்தால் படத்தில் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு பதினொன்றரைக்கு நடந்தது மறுநாள் இரண்டு மணி என்று பதியும். திருட்டு நடந்தபின் காட்சி நீதிமன்றத்துக்குப் போனால் இந்த வித்தியாசமே வழக்கைக் குழப்பும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். அதன் ஒரு பகுதியில் கருவியை வைத்திருப்பவரும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய காட்சி சுருங்கிவிடுவதால் அதன் ஹாஷ் எண் மூலக்கோப்போடு பொருந்தாது. ஆறு நாளில் கார்டு தன்னைத்தானே மேலெழுதிக்கொள்ளும் என்பதால், சம்பவம் தெரிந்த உடனே கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் ஒப்படைத்துப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்க வேண்டும். என்விஆர் பெட்டி வைத்திருப்பவர் அந்த நாளின் கோப்பை மட்டும் தனி பென் டிரைவில் சுருக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியில் அந்தப் பகுதி அழியாமல் பூட்டிவைக்கலாம்.